ஒரே ஓர் எழுத்து மாறியது; உடம்பில் நோய் வந்தது!

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் எப்படி உண்டாகிறது? மலையில் உள்ளவர்களும் மண்ணில் உள்ளவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்

சிறுநீரில் ரத்தம் வருகிறது.

வலி இல்லை. எரிச்சல் இல்லை. காய்ச்சல் இல்லை.

காலையில் சிவப்பாகப் போனது. மாலையில் பழையபடி ஆகிவிட்டது. மறுநாள் ஒன்றுமே இல்லை.

"உடம்பு சூடு, அவ்வளவுதான்" என்று நினைக்கிறோம். இரண்டு இளநீர் குடிக்கிறோம். ஊறவைத்த வெந்தயம் சாப்பிடுகிறோம். ரத்தம் நின்றுவிட்டது. சூடு தணிந்துவிட்டது என்று வேலைக்குப் போய்விடுகிறோம்.

இங்கேதான் ஆபத்து இருக்கிறது!

அந்த ரத்தம் ஒரு பெரிய நோயின் முதல் கடிதமாக இருக்கலாம். அந்த நோய்க்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் என்று பெயர். இந்த நோயில் ரத்தம் தானாக வரும். தானாக நிற்கும். பிறகு சில வாரமோ, சில மாதமோ கழித்து மறுபடி வரும். ரத்தம் நின்ற நாட்களிலும் நோய் நிற்பது இல்லை. அது உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

2020-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 2 லட்சத்து 12 ஆயிரம் பேர் இறந்து போனார்கள். பெண்களைவிட ஆண்களுக்கே இது அதிகம் வருகிறது. பெரும்பாலும் 60 வயதை ஒட்டியும் அதற்குப் பிறகும் வருகிறது.

மலையில் இருந்தால்...

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலை இருக்கிறது. அதன்மேல் இருக்கிறது புதூர்நாடு. சாமையும் கொள்ளும் விளையும் ஊர். புளியும் தேனும் கீழே இறங்கும் ஊர். திருப்பத்தூரில் இருந்து பஸ் வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது.

புதூர்நாட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 62 வயது. இருபது வயதில் இருந்து பீடி குடிக்கிறார். ஒரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகிறது. மனைவியிடம் கூடச் சொல்லவில்லை. வெட்கம்!

மூன்றாவது தடவை ரத்தம் வந்தபோது மனைவி பார்த்துவிடுகிறாள்.

"என்னங்க இது? ஆசுபத்திரிக்குப் போகலாம் வாங்க."

"அட, சூடு புள்ளே. வலியா வலிக்குது? ஒண்ணும் இல்லை. கீழே போனா ஒரு நாள் கூலி போயிடும்."

பெரியவர் சொன்னது இரண்டும் உண்மைதான். வலி இல்லை. கூலியும் போகும். ஆனால், வலி இல்லாததால்தான் இந்த நோய் தப்பித்துக்கொள்கிறது. கூலி போகும் என்று பயந்த நாட்களில்தான் இது வேர் விடுகிறது.

அவர் உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது? அதைப் பார்ப்போம்.

பை எப்படி இருக்கும்?

நம் வயிற்றில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவை இரவும் பகலும் ரத்தத்தை வடிகட்டுகின்றன. வடிகட்டிய கழிவு, சிறுநீராக இரண்டு குழாய்கள் வழியே கீழே இறங்குகிறது. அடிவயிற்றில் ஒரு பையில் சேருகிறது. அதுதான் சிறுநீர்ப்பை. மூத்திரப்பை என்றும் சொல்வார்கள்.

இந்தப் பை ரப்பர் பலூனைப் போல விரியும், சுருங்கும். இதன் உட்புறத்தில் மெல்லிய தோல் போன்ற ஓர் உள்சுவர் இருக்கிறது. அதற்கு வெளியே சதைச்சுவர் இருக்கிறது.

புற்றுநோய் முதலில் உள்சுவரில்தான் உண்டாகிறது. அங்கே இருக்கும் வரை வைத்தியம் எளிது. சதைச்சுவருக்குள் இறங்கிவிட்டால் வைத்தியம் கடினம். அதையும் தாண்டி ரத்தத்தில் கலந்து வேறு இடங்களுக்குப் போய்விட்டால் மிகக் கடினம்.

நம் உடம்பில் ஒரு புத்தகம்

நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. செல் என்றால் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு அறை. வீட்டுக்குச் செங்கல் எப்படியோ, உடம்புக்குச் செல் அப்படி.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு புத்தகம் இருக்கிறது. "எப்போது வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது சாக வேண்டும்" என்ற கட்டளைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தப் புத்தகத்துக்கு டி.என்.ஏ. என்று பெயர்.

தமிழில் 247 எழுத்துக்கள். டி.என்.ஏ. புத்தகத்தில் நான்கே எழுத்துக்கள்! ஏ, டி, ஜி, சி. இந்த நான்கு எழுத்துக்களே மாறி மாறி வருகின்றன.

மொத்தம் எத்தனை எழுத்துக்கள் தெரியுமா? சுமார் 300 கோடி! ஒரு பக்கத்துக்கு 10 ஆயிரம் எழுத்து என்று அச்சடித்தால் 3 லட்சம் பக்கம் வரும். 500 பக்கத்துக்கு ஒரு புத்தகம் என்று கட்டினால் 600 புத்தகம் ஆகும். அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத ஒரு செல்லுக்குள் அடங்கி இருக்கிறது.

இந்தப் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு பாடத்துக்கும் மரபணு என்று பெயர். ஜீன் என்பதும் அதுதான்.

"பால்" என்று எழுத வேண்டும். "ல்" போய் "ழ்" வந்துவிட்டால்? "பாழ்" ஆகிவிடும்! ஒரே எழுத்துத்தான் மாறியது. பொருளே தலைகீழாகப் போய்விட்டது.

நம் உடம்பிலும் இப்படி ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்?

அதை உலகத்துக்குக் காட்டிக் கொடுத்ததே சிறுநீர்ப்பைப் புற்றுநோய்தான்!

மூதாட்டி கொடுத்த செல்

சுவீடன் நாட்டில் 81 வயது மூதாட்டி ஒருவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் இருந்தது. அவருடைய கட்டியில் இருந்து சில செல்களை எடுத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்தார்கள். அந்தச் செல்கள் சாகவில்லை. வளர்ந்துகொண்டே இருந்தன. அவற்றுக்கு "டி24" என்று பெயர் வைத்தார்கள். உலகில் உள்ள பல ஆராய்ச்சிசாலைகளுக்கு அவை போய்ச் சேர்ந்தன.

அமெரிக்காவில் மூன்று ஆராய்ச்சிக் குழுக்கள் அந்தச் செல்களைக் கையில் எடுத்தன. ராபர்ட் வைன்பர்க் குழு ஒன்று. மைக்கேல் விக்லர் குழு மற்றொன்று. மரியானோ பார்பசிட் குழு மூன்றாவது.

அவர்கள் செய்த சோதனை வேடிக்கையானது.

புற்றுநோய் செல்லில் இருந்து டி.என்.ஏ.வை எடுத்தார்கள். அதை எலியின் செல்களுக்குள் செலுத்தினார்கள். அதுவரை ஒழுங்காக இருந்த எலிச் செல்கள், கட்டுக்கடங்காமல் வளர ஆரம்பித்தன!

ஆகவே, நோயை உண்டாக்கும் கெட்ட கட்டளை அந்த டி.என்.ஏ.வில் இருக்கிறது என்று தெரிந்தது. அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? வெட்டி வெட்டித் தேடினார்கள். ஒரு மரபணு கிடைத்தது. அதன் பெயர் எச்-ராஸ்.

இன்னொரு ஆச்சரியம்! அதே மரபணு, நோய் இல்லாதவர்களின் உடம்பிலும் இருக்கிறது. உங்களிடம் இருக்கிறது. என்னிடம் இருக்கிறது. நமக்கு அது நன்மைதான் செய்கிறது. பிறகு அந்த மூதாட்டியின் செல்லில் மட்டும் ஏன் கெடுதல் செய்தது?

நல்ல மரபணுவையும் கெட்ட மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்கள்.

1982-ம் ஆண்டின் கடைசியில் விடை வெளிவந்தது. மூன்று குழுக்களும் ஒரே விடையைச் சொன்னார்கள்.

வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து!

"ஜி" இருக்க வேண்டிய இடத்தில் "டி" இருந்தது. அவ்வளவுதான்.

இந்தப் பெருமையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. பார்பசிட் குழுவின் ஆராய்ச்சிக் கட்டுரையில் முதல் பெயராக இருப்பவர் பிரேம்குமார் ரெட்டி. ஐதராபாத் உஸ்மானியா பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, அமெரிக்கா சென்றவர்.

மனிதனுக்கு வரும் புற்றுநோய், மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் உண்டாகிறது என்று நேராகக் காட்டப்பட்டது அதுதான் முதல் தடவை.

சுவிட்ச் அணையவில்லை

ஓர் எழுத்து மாறினால் ஏன் இவ்வளவு கேடு?

எச்-ராஸ் மரபணு ஒரு புரதத்தைச் செய்கிறது. 189 மணிகள் கோத்த மாலை போன்றது அந்தப் புரதம். அது செல்லுக்குள் ஒரு சுவிட்ச் போல வேலை செய்கிறது. "வளரு" என்று வெளியில் இருந்து செய்தி வந்தால் சுவிட்ச் போடப்படும். செல் வளரும். வேலை முடிந்ததும் சுவிட்ச் தானே அணைந்துவிடும்.

எழுத்து மாறியதால் அந்த மாலையின் 12-வது மணி மாறிவிட்டது. கிளைசின் என்ற சின்ன மணி போய், வாலின் என்ற பெரிய மணி வந்துவிட்டது. இடம் போதவில்லை. சுவிட்ச் இறுகிக்கொண்டது. போட்டது போட்டபடியே நின்றுவிட்டது!

"வளரு, வளரு, வளரு" என்று கட்டளை போய்க்கொண்டே இருக்கிறது. செல் பெருகிக்கொண்டே இருக்கிறது.

மலைப் பாதையில் ஒரு பஸ்

ஆனால், ஓர் எழுத்து மாறிய உடனே எல்லோருக்கும் புற்றுநோய் வந்துவிடாது. உடம்பு அவ்வளவு ஏமாளி அல்ல!

புதூர்நாட்டில் இருந்து கீழே இறங்கும் பஸ்சை நினைத்துப் பாருங்கள். வேகம் கொடுக்க ஒரு மிதி இருக்கிறது. நிறுத்த பிரேக் இருக்கிறது. வேக மிதி சிக்கிக்கொண்டாலும் டிரைவர் பிரேக்கைப் போட்டுச் சமாளிப்பார். பிரேக்கும் போய்விட்டால்? வளைவில் பஸ் உருண்டுவிடும்.

செல்லுக்குள்ளும் வேக மிதி உண்டு. பிரேக்கும் உண்டு.

எச்-ராஸ் ஒரு வேக மிதி. சிறுநீர்ப்பையில் அதைவிட அதிகமாகச் சிக்கிக்கொள்ளும் வேறொரு வேக மிதியும் இருக்கிறது. அதன் பெயர் எப்.ஜி.எப்.ஆர்.3. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் 1999-ம் ஆண்டில் அதைக் கண்டுபிடித்தார்கள்.

பிரேக்குகள் எவை? பி53 ஒன்று. ஆர்.பி. மற்றொன்று. செல்லில் கோளாறு இருந்தால் "நில்" என்று சொல்வது இவற்றின் வேலை. பழுதைச் சரிசெய்ய முடியாவிட்டால், "நீ செத்துப் போ" என்று அந்தச் செல்லுக்கே பி53 கட்டளை இடும். ஊரைக் காக்க ஒருவனைத் தண்டிப்பதைப் போல!

இதனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இரண்டு பாதைகளில் வளர்கிறது.

முதல் பாதையில் வேக மிதி மட்டும் சிக்கிக்கொள்கிறது. பிரேக் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. அப்போது உள்சுவரில் பூங்கொத்துப் போலக் கட்டி முளைக்கும். மெதுவாக வளரும். சதைக்குள் அவ்வளவு எளிதில் இறங்காது. வெட்டி எடுத்தாலும் மறுபடி மறுபடி முளைக்கும். அதுதான் தொல்லை.

இரண்டாவது பாதையில் பிரேக்குகள் உடைகின்றன. பி53 கெடுகிறது. ஆர்.பி. கெடுகிறது. அப்போது உண்டாகும் நோய் பொல்லாதது. முதலில் சிவந்த படை போல உள்சுவரில் ஒட்டி இருக்கும். பிறகு சதைச்சுவரைத் துளைத்து இறங்கும்.

இரண்டு பாதைக்கும் பொதுவான ஒரு கோளாறும் உண்டு. ஒன்பதாவது குரோமோசோமில் ஒரு பகுதி தொலைந்து போய்விடுகிறது. புத்தகத்தில் சில பக்கங்கள் கிழிந்து போவதைப் போல என்று சொல்லலாம்.

இன்னும் ஒன்று. சாதாரண செல்லுக்கு ஆயுள் கணக்கு உண்டு. இத்தனை தடவைதான் பெருகலாம் என்று வரம்பு இருக்கிறது. டெர்ட் என்ற மரபணுவின் முகப்பில் ஓர் எழுத்து மாறினால் அந்த வரம்பு போய்விடும். செல்லுக்குச் சாகாவரம் கிடைத்த மாதிரி! சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் இந்த மாற்றம் இருப்பதை 2013-ம் ஆண்டு முதல் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின.

இவை எல்லாம் ஒரே நாளில் நடப்பது இல்லை. ஓர் எழுத்து இன்று மாறும். இன்னொன்று ஐந்து வருடம் கழித்து மாறும். 15 வருடம், 20 வருடம், அதற்கு மேலும் ஆகும். பெரியவர் இருபது வயதில் பற்றவைத்த பீடி, அறுபது வயதில் கணக்குக் கேட்கிறது.

எழுத்தை மாற்றுவது யார்?

முதல் குற்றவாளி புகையிலைப் புகை!

பீடி குடித்தால் நெஞ்சு கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். சிறுநீர்ப்பை எப்படிக் கெடும்? புகை அங்கே போகாதே என்று கேட்கலாம்.

புகை போகாது. புகையில் உள்ள விஷம் போகும்.

புகையில் நாப்தைலமின், அமினோபைபினைல் போன்ற ரசாயனங்கள் உள்ளன. அவை நுரையீரலில் இருந்து ரத்தத்தில் கலக்கின்றன. ரத்தத்தில் இருந்து கல்லீரலுக்குப் போகின்றன. பிறகு சிறுநீரகம் அவற்றை வடிகட்டிச் சிறுநீரோடு பைக்கு அனுப்புகிறது. மற்ற உறுப்புகளைத் தொட்டுவிட்டு ஓடிவிடும் விஷம், இந்தப் பையில் மட்டும் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. பையின் உள்சுவர் அதில் ஊறுகிறது. செல்லின் புத்தகத்தில் எழுத்து மாறுகிறது.

புகை பிடிக்காதவர்களைவிடப் பிடிப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் 3 முதல் 4 மடங்கு அதிகம்.

ஒரே அளவு பீடி குடிக்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு நோய் வருகிறது, மற்றவருக்கு வரவில்லை. ஏன்? அதற்கும் மரபணு ஒரு காரணம். இந்த விஷத்தை முறிக்கும் ஒரு பொருள் கல்லீரலில் இருக்கிறது. சிலருக்கு அது வேகமாக வேலை செய்யும். சிலருக்கு மெதுவாகத்தான் வேலை செய்யும். மெதுவாக வேலை செய்பவர்களுக்கு ஆபத்து அதிகம். நாம் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே, "எங்கள் தாத்தா 90 வயது வரை குடித்தார்" என்று சொல்லிப் பயன் இல்லை.

சாயத்தில் இருந்த விஷம்

இரண்டாவது குற்றவாளி சில வகைச் சாயங்கள்.

1895-ம் ஆண்டு. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரம். லுட்விக் ரேன் என்ற டாக்டர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். சிறுநீர்ப்பையில் கட்டியோடு வந்த சிலர் ஒரே தொழிலைச் செய்தவர்களாக இருந்தார்கள். சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள்! தொழிலால் இந்த நோய் வரலாம் என்று உலகுக்குச் சொன்னவர் அவர்தான்.

1938-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஹூப்பர் என்ற விஞ்ஞானி, சாயத்துக்கு வேண்டிய நாப்தைலமினை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்தது. 1954-ம் ஆண்டில் பிரிட்டனில் ராபர்ட் கேஸ் என்பவர் சாயத் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து, அதே உண்மையை உறுதி செய்தார்.

பென்சிடின் என்ற பொருளில் செய்த சாயங்களும் இந்த வகைதான். துணிக்கும் தோலுக்கும் அவை பயன்பட்டன. இந்தியாவில் 1990-களில் மத்திய அரசு பென்சிடின் சாயங்களுக்குத் தடை விதித்தது.

ஜவ்வாது மலைக்குக் கீழே வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. தோல் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள். சாயம், ரசாயனம் கையாளும் வேலையில் நெடுங்காலம் இருந்தவர்கள், டாக்டரிடம் போகும்போது தங்கள் வேலையைத் தவறாமல் சொல்ல வேண்டும். வேலையில் இருப்பவர்கள் கையுறை போட வேண்டும். சாயக் கையோடு சோறு தின்னக் கூடாது.

புழுவும் மூலிகையும்

எகிப்து நாட்டில் வேறொரு காரணம் இருந்தது. நைல் நதித் தண்ணீரில் நத்தைகள் உண்டு. அந்த நத்தையில் இருந்து ஒரு புழு கிளம்பி, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். அதன் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் தங்கும். பல வருடம் புண்ணாகி, அந்த இடத்தில் புற்றுநோய் வரும். 3 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய எகிப்திய மம்மிகளில் கூட இந்தப் புழுவின் முட்டைகள் இருந்தன!

இந்தியாவிலும் ஓர் ஊரில் இந்தப் புழு நோய் காணப்பட்டது. மராட்டிய மாநிலம் ரத்தினகிரி மாவட்டத்தில் உள்ள கிம்வி கிராமம். 1952-ம் ஆண்டில் இதை டாக்டர்கள் எழுதி வைத்தார்கள்.

மலை மக்களுக்கு மூலிகை தெரியும். நல்ல மூலிகைகள் பல உண்டு. ஆனால் இரண்டைப் பற்றி எச்சரிக்கை வேண்டும். ஒன்று ஆடுதீண்டாப்பாளை. மற்றொன்று ஈசுவரமூலி. பெருமருந்து என்றும் அதைச் சொல்வார்கள். பூச்சிக்கும் விஷக்கடிக்கும் இவற்றைக் கொடுப்பது வழக்கம். இவற்றின் இனத்துக்கே உரிய ஓர் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. சிறுநீர் போகும் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதாகியது. அந்த மருந்தில் இந்த இனச் செடி கலந்திருந்தது. இந்த அமிலம் மரபணுவில் "ஏ" எழுத்தை "டி" எழுத்தாக மாற்றுகிறது. திருடன் விட்டுப்போன கைரேகை போல அந்த மாற்றம் நிற்கிறது. கட்டியைச் சோதித்தால், "இது இந்தச் செடி செய்த வேலை" என்று சொல்லிவிடலாம்!

கத்தி படாத ஆபரேஷன்

இனி நல்ல செய்தி.

இந்த நோயைத் தொடக்கத்தில் பிடித்தால் குணப்படுத்தலாம். உள்சுவரின் மேற்பரப்பிலேயே நோய் நிற்கும்போது கண்டுபிடித்தவர்களில், 100-க்கு 95 பேருக்கு மேல் ஐந்து வருடத்தைத் தாண்டி நலமாக இருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கணக்கு சொல்கிறது. தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு வந்தவர்களில், 100-க்கு 10 பேர் கூடத் தேறுவது இல்லை.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "கீழே போனால் கூலி போயிடும்" என்று தள்ளிப்போட்ட நாட்களின் விலை தெரியும்!

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்?

முதலில் சிறுநீரைச் சோதிப்பார்கள். ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு, சிறுநீர் வரும் பாதை வழியாகவே விளக்கு வைத்த மெல்லிய குழாயைச் செலுத்தி, பையின் உள்ளே பார்ப்பார்கள். ஜெர்மனி டாக்டர் மாக்ஸ் நிட்சே 1877-ம் ஆண்டில் இந்தக் கருவியைச் செய்து காட்டினார். இன்று அது மிகவும் நுட்பமாகிவிட்டது. மரத்துப்போக மருந்து கொடுத்துவிட்டுத்தான் செய்வார்கள். பயப்பட வேண்டாம்.

கட்டி இருந்தால் அதே வழியாகச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். வயிற்றில் கத்தி படாது. தையல் இல்லை.

எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்புவார்கள். நோய் சதைக்குள் இறங்கி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இறங்கி இருந்தால், மருந்து கொடுத்துப் பையையே எடுக்கவேண்டி வரலாம். அப்படி எடுத்தாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. குடலின் ஒரு துண்டைக் கொண்டு சிறுநீர் வெளியேற வேறு வழி செய்துவிடுகிறார்கள். சிலருக்குக் குடலாலேயே புதுப் பை கூடச் செய்து வைக்கிறார்கள்.

தடுப்பூசி மருந்து இங்கும் உதவுகிறது!

குழந்தை பிறந்ததும் தோளில் பி.சி.ஜி. ஊசி போடுகிறார்கள். காசநோய் வராமல் தடுக்க. நம்மில் பலர் தோளிலும் அந்தத் தழும்பு இருக்கும். அந்த ஊசி மருந்தைச் செய்ய, சென்னை கிண்டியில் 1948-ம் ஆண்டில் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது.

அதே பி.சி.ஜி., சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் மருந்து!

1976-ம் ஆண்டில் கனடா நாட்டு டாக்டர் அல்வாரோ மொராலஸ் இதை வெளியிட்டார். 9 நோயாளிகளுக்கு, பி.சி.ஜி. மருந்தைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்த்தார். கட்டி மறுபடி முளைப்பது குறைந்தது.

இது எப்படி? பி.சி.ஜி. என்பது வலு இழந்த உயிருள்ள கிருமி. அது பைக்குள் போனதும், உடம்பின் காவற்படை விழித்துக்கொள்கிறது. "யாரோ எதிரி வந்திருக்கிறான்" என்று ஓடி வருகிறது. வந்த இடத்தில் ஒளிந்திருக்கும் புற்றுநோய் செல்களையும் சேர்த்து அடிக்கிறது.

குழந்தைக்குப் போடும் அளவு வேறு. இதற்கு வேண்டிய அளவும் தயாரிப்பும் வேறு. கட்டியைச் சுரண்டி எடுத்த பிறகு, தேவையானவர்களுக்கு வாரம் ஒரு தடவை வீதம் ஆறு வாரம் கொடுக்கிறார்கள். பிறகும் டாக்டர் சொல்கிறபடி தொடர வேண்டும். இன்றும் உலகம் முழுவதும் இந்த வைத்தியம் நடக்கிறது.

மரபணு ஆராய்ச்சியும் மருந்து கொடுத்திருக்கிறது. எப்.ஜி.எப்.ஆர்.3 என்ற வேக மிதி சிக்கிக்கொள்கிறது என்று சொன்னோம் அல்லவா? அதை விடுவிக்கும் மாத்திரை ஒன்றுக்கு 2019-ம் ஆண்டில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. முற்றிய நோய் உள்ளவர்களில், அந்த மரபணுவில் கோளாறு இருப்பவர்களுக்கு அது கொடுக்கப்படுகிறது. 1982-ம் ஆண்டில் ஓர் எழுத்தைத் தேடிப் பிடித்த வேலை, இப்படி மாத்திரையாகக் காய்க்கத் தொடங்கியிருக்கிறது.

ஒரு முறை போனால் போதாது

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று.

இந்த நோய் திரும்பி வரும் குணம் உள்ளது. ஏன்? கெட்ட எழுத்தைச் சுமந்த செல், பையின் உள்சுவரில் பல இடங்களில் பரவி உட்கார்ந்திருக்கும். ஒரு களையைப் பிடுங்குகிறோம். அதன் விதை நிலம் முழுவதும் கிடக்கிறது. அடுத்த மழையில் இன்னோர் இடத்தில் முளைக்கிறது.

ஆகவே, கட்டியை எடுத்த பிறகும் டாக்டர் சொன்ன நாளில் போய்க் குழாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். முதலில் மூன்று மாதத்தில் கூப்பிடுவார்கள். பிறகு இடைவெளி கூடும். பல வருடம் தொடரும்.

கீழே இருப்பவர்களுக்கு இது எளிது. மலையில் இருப்பவர்களுக்குச் சிரமம். காபித் தோட்ட வேலைக்கு வெளி மாநிலம் போகிறவர்களுக்கு இன்னும் சிரமம். வேலைக்குப் புறப்படும்போது, அடுத்த பரிசோதனை நாளை வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டி, காலண்டரில் குறித்துவிட்டுப் போங்கள். "அப்பா, நாள் வந்துவிட்டது" என்று பிள்ளை நினைவூட்டட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

சிறுநீரில் ரத்தம் ஒரே ஒரு தடவை வந்தாலும் சரி, மறைக்கக் கூடாது. வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். நின்றுவிட்டாலும் போக வேண்டும்.

ரத்தம் வந்தால் அது புற்றுநோய்தான் என்று பயந்துவிடவும் வேண்டாம். கல் இருந்தாலும் ரத்தம் வரும். கிருமி இருந்தாலும் வரும். எது என்று பரிசோதனைதான் சொல்லும். இளநீர் சொல்லாது!

அடிக்கடி சிறுநீர் முட்டுவதும், நீர்க்கடுப்பு மருந்து சாப்பிட்டும் தீராமல் இருப்பதும் கூட அடையாளமாக இருக்கலாம். பெண்களுக்கு ரத்தம் வந்தால், மாதவிலக்கு என்றோ கர்ப்பப்பைக் கோளாறு என்றோ எண்ணி நாளைக் கடத்திவிடுகிறார்கள். அவர்களும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மலையில் இருப்பவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். அங்கே சிறுநீரைச் சோதித்து, வேண்டுமானால் திருப்பத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். வேலூரில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ம் ஆண்டில் உண்டான புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது.

பணத்துக்குப் பயப்பட வேண்டாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால், அதை எப்படி வாங்குவது என்று சுகாதார நிலையத்திலேயே கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கு வரும் ஊழியரிடமும் சொல்லலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவர்கள் கேட்பதற்கென்றே வருகிறார்கள்.

பீடியை இன்றே விடுங்கள். நாற்பது வருடம் குடித்தவர் விட்டாலும் பலன் உண்டு. விட்ட பிறகு வருடம் ஆக ஆக ஆபத்து குறைகிறது. ஏற்கெனவே நோய் வந்தவர் விட்டால், வைத்தியம் நன்றாகப் பிடிக்கும்.

நம் செல்லுக்குள் இருக்கும் புத்தகத்தை எழுதியவர் யாரும் நாம் அல்ல. அதில் தப்பெழுத்து விழுந்தால் அழித்துத் திருத்தவும் நமக்குத் தெரியாது. ஆனால், விஷத்தை ஊற்றாமல் இருக்கலாம். சிவப்பு மையில் அது எழுதும் முதல் கடிதத்தை உடனே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டலாம்.

உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேளுங்கள்: "தாத்தா, எப்போதாவது சிவப்பாகப் போனதா?"

அவர் "ஆமாம்" என்று சொன்னால், நாளைக் காலை முதல் பஸ்சில் அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்!